குளம் பச்சையானால் எங்கே தேடுவது: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

பங்குனி பாதி தாண்டினால் எங்கள் பாகூர்ப் பக்கம் குளங்கள் ஒவ்வொன்றாகப் பச்சை கட்டத் தொடங்கும். உடனே போன் வரும்: "அண்ணே, குளத்துல பாசி பிடிச்சிடுச்சு, என்ன மருந்து போடலாம்?" மருந்துப் பேச்சை எடுப்பதற்கு முன்னால் நான் திருப்பிக் கேட்பது, எந்த மாதிரிப் பச்சை, மீன் எப்படி இருக்கிறது, கடைசியாக மழை எப்போது பெய்தது என்பதைத்தான். இதற்குப் பதில் கிடைத்தாலே பாதிக் காரணம் தெரிந்துவிடும்.

பாசிக்கு வெயிலும் சூடும் சத்தும் வேண்டும். கடலூரிலும் புதுச்சேரியிலும் வெயிலுக்குக் குறைவில்லை. ஆகவே நம் தண்ணீரில் பாசியை அடக்கி வைத்திருப்பது சத்துப் பற்றாக்குறைதான். முக்கியமான சத்துகள் இரண்டு: நைட்ரஜன், பாஸ்பரஸ். கடலில் மிதக்கும் நுண்பாசியில் ஒரு பாஸ்பரஸ் அணுவுக்கு 16 நைட்ரஜன், 106 கார்பன் என்ற கணக்கு இருப்பதை ஆல்ஃபிரட் ரெட்ஃபீல்ட் என்ற அமெரிக்க அறிவியலாளர் கண்டறிந்தார். பாசிக்குத் தேவையானதில் பாஸ்பரஸின் அளவு மிகச் சிறியது. அந்தச் சிறிய அளவு கூடிவிட்டால் மற்றதையெல்லாம் பாசி எப்படியாவது தேடிக்கொள்ளும். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 226 என்று எண்ணிட்ட ஏரியை 1973-இல் நடுவே திரை கட்டி இரண்டாகப் பிரித்தார்கள். இரு பக்கமும் நைட்ரஜனும் கார்பனும் போட்டார்கள். ஒரு பக்கத்தில் மட்டும் பாஸ்பரஸையும் சேர்த்தார்கள். அந்தப் பக்கம் மட்டும் பச்சைப் பசேலென்று ஆனது. மேலிருந்து எடுத்த அந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு இந்த விஷயம் மனதில் உறைத்தது. அதனால் கீழே எந்த அறிகுறியைப் பற்றிப் பேசினாலும், பாஸ்பரஸ் எந்த வழியாக உள்ளே வருகிறது என்ற கேள்விக்குத்தான் திரும்பத் திரும்ப வருவேன்.

முதலில் ஒரு பாட்டில், ஒரு குச்சி, ஒரு தட்டு

கண்ணாடி பாட்டிலில் முக்கால் பங்கு தண்ணீர் எடுத்து மூடி, ஆடாத இடத்தில் ஒரு இரவு வையுங்கள். காலையில் பச்சை மேலே வந்து வளையம் கட்டியிருந்தால் அது பெரும்பாலும் நீலப்பச்சைப் பாசி. அடியில் இறங்கியிருந்தால் சாதாரணப் பச்சைப் பாசி. நீலப்பச்சை என்பது உண்மையில் பாக்டீரியா வகையைச் சேர்ந்தது. அதில் பல இனங்கள் உடலுக்குள் நுண்ணிய காற்றறைகளை வைத்திருக்கின்றன, அதனால் மிதக்கின்றன. மிதக்காத இனங்களும் உண்டு. ஆகவே அடியில் தங்கிவிட்டது என்பதற்காக ஆபத்தில்லை என்று முடிவு கட்ட வேண்டாம்.

அப்புறம் ஒரு நீளக் குச்சியைப் பாசிக்குள் விட்டு எடுங்கள். நூல் நூலாகத் தொங்கினால் இழைப்பாசி. பெயின்ட் டப்பாவில் முக்கி எடுத்தது போல் ஒட்டியிருந்தால் நீலப்பச்சை. வெறும் கையை விடாதீர்கள்.

தட்டு என்பது செக்கி தட்டு. ஆஞ்செலோ செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார் 1865-இல் கடலில் பயன்படுத்திய முறை இது. இப்போது நன்னீருக்கு 20 செ.மீ. அகலத் தட்டைக் கால் கால் பாகமாகக் கறுப்பும் வெள்ளையும் மாற்றி மாற்றி அடித்துக்கொள்கிறார்கள். பெயின்ட் வாளி மூடியே போதும். கயிற்றில் கட்டி, கல்லைத் தொங்கவிட்டு இறக்குங்கள். கண்ணுக்கு மறையும் ஆழத்தைத் தேதியோடு எழுதி வையுங்கள். வாரம் ஒரு தடவை, அதே இடத்தில், காலை பத்து மணிவாக்கில். ஒரு வருடத்துக் கணக்கு கையில் இருந்தால், யாரிடம் போய்ப் பேசினாலும் உங்கள் பேச்சுக்கு எடை கூடும்.

அறிகுறி: தண்ணீர் முழுக்க ஒரே சீரான இளம்பச்சை, நாற்றமில்லை, மீன் சாதாரணமாக இருக்கிறது

பதற வேண்டாம். மீன் வளர்ப்பவர்கள் சாணம் போட்டு வரவழைப்பதே இந்தப் பச்சையைத்தான். தட்டு 30–40 செ.மீ. ஆழத்தில் மறைந்தால் மீன்குட்டைக்கு நல்ல அளவு. 20-க்குக் கீழே போனால் தீவனத்தையும் சாணத்தையும் நிறுத்துங்கள். மீன் வளர்க்காத கோயில் குளத்திலும் ஏரியிலும் இதே பச்சை புதிதாக வந்திருந்தால் அது முன்னெச்சரிக்கை. எங்கிருந்தோ சத்து வரத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

அறிகுறி: ஒரு கரையில் மட்டும் பெயின்ட் ஊற்றியது போன்ற படலம், வாடை

இதுதான் நான் பயப்படும் அறிகுறி. நீலப்பச்சை மேலே மிதந்து, காற்று தள்ளிய பக்கம் ஒதுங்கிக் கெட்டிப்படும். நம் ஊரில் கோடையில் மதியத்துக்கு மேல் கடல்காற்று கிழக்கிலிருந்து அடிக்கும், அதனால் படலம் பெரும்பாலும் மேற்குக் கரையில் சேரும். மாடு தண்ணீர் குடிக்க இறங்கும் துறை அந்தப் பக்கம் இருந்தால் உடனே மறித்துவிடுங்கள்.

நீலப்பச்சையின் சில இனங்கள் கல்லீரலைத் தாக்கும் மைக்ரோசிஸ்டின் என்ற நஞ்சை உண்டாக்கும். ஆஸ்திரேலியாவின் அலெக்சாண்ட்ரினா ஏரியில் இப்படிப்பட்ட படலத்தைக் குடித்துக் கால்நடைகள் செத்ததை ஜார்ஜ் பிரான்சிஸ் 1878-இலேயே எழுதி வைத்திருக்கிறார். குடிநீரில் மைக்ரோசிஸ்டின்-எல்.ஆர். லிட்டருக்கு 1 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் டொலிடோ நகரத்தில் ஈரி ஏரித் தண்ணீரில் இந்த அளவு தாண்டியதால், நான்கு லட்சம் பேருக்கு மேல் குழாய்த் தண்ணீரைக் குடிக்க வேண்டாம் என்று சொல்ல வேண்டியதாயிற்று. இங்கே ஒன்றைக் கெட்டியாக நினைவில் வையுங்கள்: கொதிக்க வைத்தாலும் இந்த நஞ்சு போகாது. "காய்ச்சிக் குடிச்சா சரியாயிடும்" என்று யாராவது சொன்னால் அங்கேயே மறுத்துவிடுங்கள். எல்லாப் படலத்திலும் நஞ்சு இருக்காது என்பது உண்மை. ஆனால் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, ஆய்வகத்தில்தான் தெரியும். தெரியும்வரை இருப்பதாகவே எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தைகளையும் நாய், ஆடு, மாடுகளையும் தள்ளி வையுங்கள்.

செய்யக்கூடாதது மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கொட்டுவது. எங்கள் ஊர்க் குளத்தில் ஒரு வருடம் அதைச் செய்தார்கள். மறுநாள் தண்ணீர் தெளிந்தது போல் இருந்தது, எல்லோருக்கும் சந்தோஷம். நான்காம் நாள் மீன் மிதந்தது. செத்த பாசி உடைந்தால் உள்ளே இருக்கும் நஞ்சு ஒரேயடியாகத் தண்ணீரில் கலந்துவிடும். அழுகும்போது ஆக்சிஜனையும் இழுத்துக்கொள்ளும். தாமிரம் சேற்றில் தங்கிவிடும். பாஸ்பரஸ் ஒரு கிராம்கூடக் குறையாது. அடுத்த மாதமே பாசி திரும்பியது, இந்தத் தடவை முன்பைவிடக் கெட்டியாக. அன்றைக்குத் துறையில் நின்று செத்த கெண்டைகளை வலைக்கூடையில் அள்ளியது எனக்கு இன்னும் ஆறவில்லை. இதையெல்லாம் எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியதே அப்போதுதான்.

யூரியா வருவதை மட்டும் நிறுத்தினால் போதுமா என்று கேட்பார்கள். அனபீனா போன்ற சில நீலப்பச்சை இனங்கள் காற்றில் இருக்கும் நைட்ரஜனையே எடுத்துக்கொள்ளும். நைட்ரஜனைக் குறைத்துவிட்டுப் பாஸ்பரஸை விட்டுவைத்தால் அப்படிப்பட்ட இனங்களுக்கே இடம் விட்டதாக ஆகும். இரண்டையும் குறையுங்கள். நன்னீரில் முதலில் பாஸ்பரஸ்.

அறிகுறி: விடியற்காலையில் மீன் மேலே வந்து வாய் பிளக்கிறது

பகலில் பாசி ஆக்சிஜனை வெளிவிடும். இரவில் பாசியும் மீனும் சேறும் சேர்ந்து அதையே செலவழிக்கும். 30 டிகிரி சூட்டில் நன்னீர் காற்றிலிருந்து பிடித்துவைக்கக்கூடிய ஆக்சிஜன் லிட்டருக்குச் சுமார் 7.5 மில்லிகிராம்தான். பாசி மண்டிய குளத்தில் மாலையில் அது இரு மடங்குகூட ஆகலாம், விடியும் முன் 2-க்குக் கீழேயும் இறங்கலாம். 3-க்குக் கீழே போனாலே கட்லாவும் ரோகுவும் திணறும். மதியம் போய் அளந்து "ஆக்சிஜன் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். அளக்க வேண்டிய நேரம் காலை ஐந்து மணி. மேகமூட்டமாக இரண்டு நாள் இருந்தால் ஆபத்து இன்னும் கூடும்.

இது ஆக்சிஜன் பிரச்சினையா, யாராவது விஷம் கலந்துவிட்டார்களா என்று பிரித்துப் பார்க்க மீனே வழி சொல்லும். விரால் மேலே வந்து காற்றை விழுங்கி உயிர் பிழைக்கும். கெண்டை வகை செத்து, விரால் துள்ளிக்கொண்டிருந்தால் ஆக்சிஜன் குறைவு. விரால், தவளை, நீர்ப்பூச்சி என்று எல்லாமே செத்திருந்தால், அதுவும் பட்டப்பகலில் செத்திருந்தால், பூச்சிமருந்தோ ஆலைக் கழிவோ என்று சந்தேகப்படுங்கள். அந்தத் தண்ணீரைச் சுத்தமான பாட்டிலில் எடுத்து, ஐஸில் வைத்து, அன்றே ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.

உடனடி வழி: டீசல் என்ஜின் பம்பைக் கரையில் வைத்து, குளத்துத் தண்ணீரையே எடுத்து மேலே பீய்ச்சி விழவிடுங்கள். இரவு இரண்டு மணியிலிருந்து சூரியன் நன்றாக ஏறும்வரை. ஏரேட்டர் (தண்ணீரில் காற்றைக் கலக்கும் கருவி) இருந்தால் நல்லது, இல்லையென்றால் இதுவே மீனைக் காப்பாற்றும். தீவனம் அன்றைக்கு வேண்டாம்.

மதியத்துக்கு மேல் மீன் செத்தால் வேறு காரணம் இருக்கலாம். பாசி கரியமில வாயுவை உறிஞ்சி உறிஞ்சிப் பிற்பகலில் பி.எச். (தண்ணீரின் அமில, காரத் தன்மையின் அளவு) 9-ஐத் தாண்டும். 30 டிகிரியில் பி.எச். 7-ஆக இருந்தால் மொத்த அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூட நச்சு வடிவில் இருக்காது. பி.எச். 9-இல் பாதிக்குக் கொஞ்சம் குறைவான பங்கு நச்சாகிவிடும். அந்த நேரத்தில் "தண்ணி சுத்தமாகட்டும்" என்று சுண்ணாம்பு போட்டால் பி.எச். இன்னும் ஏறும். நல்ல எண்ணத்தில் செய்தே மீனைக் கொன்றவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அறிகுறி: முடி முடியாக இழைப்பாசி

பெரும்பாலும் ஸ்பைரோகைரா. ஆழமில்லாத, தெளிந்த, வெயில் அடி வரை படும் இடத்தில் வரும். குச்சியில் சுற்றி வெளியே எடுத்து, கரையை விட்டுத் தள்ளி எருக்குழியில் போடுங்கள். பெரிய ஆபத்தில்லை.

அறிகுறி: வெயிலில் சிவப்பு, மாலையில் பச்சை

யூக்ளினா என்ற நுண்ணுயிர். சாணமும் கழிவும் அதிகம் சேரும் சிறு குட்டைகளில் காணலாம். மாட்டுத் தொழுவத்து வடிகால் எங்கே முடிகிறது என்று பாருங்கள், பெரும்பாலும் அங்கேயே காரணம் இருக்கும்.

அறிகுறி: பாசி இல்லை, ஆனால் ஆகாயத்தாமரை மூடிவிட்டது

பாசி சாப்பிட வேண்டிய சத்தை ஆகாயத்தாமரை சாப்பிடுகிறது, அவ்வளவுதான். நோய் அதேதான். அள்ளுவது நல்லது, ஆனால் கணக்கைப் பாருங்கள். பச்சை ஆகாயத்தாமரையில் நூற்றுக்குச் சுமார் 95 பங்கு தண்ணீர். ஒரு டன் அள்ளினால் அதோடு வெளியேறும் பாஸ்பரஸ் ஏறக்குறைய 200 கிராம்தான். 50 கிலோ டி.ஏ.பி. (டை அம்மோனியம் பாஸ்பேட்) உர மூட்டை ஒன்றில் இருப்பது 10 கிலோ பாஸ்பரஸ். அதாவது ஒரு மூட்டை உரம் உள்ளே வந்தால், அதை வெளியே எடுக்க 50 டன் ஆகாயத்தாமரை அள்ள வேண்டும். ஜே.சி.பி. வைத்து அள்ளி, அதே கரையில் குவித்துவிட்டுப் போவதைப் பார்க்கும்போது எனக்கு மனசு பதறும். முதல் மழையிலேயே அழுகிய சாறு அத்தனையும் திரும்பவும் குளத்துக்குள் இறங்கிவிடும். அள்ளினால் அன்றே வயலுக்கோ உரக்குழிக்கோ ஏற்றிவிட வேண்டும்.

அறிகுறி: மழை பெய்து பத்து நாளில் பச்சை

வரத்து வாய்க்கால் வழியாக வயல் உரம் வந்திருக்கிறது. தென்பெண்ணையிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகப் பாகூர் ஏரிக்கு வரும் தண்ணீரும் சரி, கீழணையிலிருந்து வடவாற்றில் வீராணம் ஏரிக்கு வரும் தண்ணீரும் சரி, வழியெல்லாம் வயலும் ஊரும் பார்த்துத்தான் வருகிறது.

டி.ஏ.பி. கணக்கைத் தொடர்வோம். தண்ணீரில் மொத்தப் பாஸ்பரஸ் லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் இருந்தாலே அது சத்து மிகுந்த, பாசி மண்டக்கூடிய நீர்நிலை. ஒரு மூட்டையில் இருக்கும் 10 கிலோ பாஸ்பரஸ் 10 கோடி லிட்டர் தண்ணீரை அந்த அளவுக்குக் கொண்டுவந்துவிடும். 5 ஹெக்டேர் பரப்பில் 2 மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கும் குளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு மூட்டை!

இதில் விவசாயியைக் குற்றம் சொல்லிப் பயனில்லை, அவருக்கும் அது பணம்தான். ஐப்பசி மழை எச்சரிக்கை இருக்கும் நாளில் உரம் போடாமல் இருப்பது, அடியுரத்தை மண்ணோடு கலந்து உழுவது, உரம் போட்ட பிறகு சில நாள் வயல் தண்ணீரை வடிக்காமல் கட்டிவைப்பது, மண் பரிசோதனை செய்து பாஸ்பரஸ் ஏற்கெனவே போதுமான அளவு இருந்தால் டி.ஏ.பி.யைக் குறைப்பது என்று செய்யக்கூடியவை உண்டு. புதுச்சேரிக்காரர்கள் குரும்பாபேட்டில் இருக்கும் வேளாண் அறிவியல் நிலையத்தில் ஆலோசனை கேட்கலாம். வாய்க்கால் ஏரியில் விழும் இடத்தில் சம்பும் கோரையும் அடர்ந்து நின்றால் அதை வெட்ட வேண்டாம். மண்துகளோடு ஒட்டிவரும் பாஸ்பரஸில் ஒரு பங்கு அங்கேயே படியும்.

அறிகுறி: பச்சை இருக்கிறது, ஆனால் சோதனையில் பாஸ்பேட் பூஜ்யம்

அலங்கார மீன் கடையில் கிடைக்கும் சோதனைக் குப்பிகள் கரைந்த பாஸ்பேட்டை மட்டும் காட்டும். பாசி மண்டிய தண்ணீரில் கரைந்தது எல்லாம் பாசியின் உடலுக்குள் போயிருக்கும், அதனால் பூஜ்யம் வரும். "தண்ணியில பாஸ்பேட்டே இல்லை" என்று கூட்டத்தில் ஒருவர் வாதாடினால் இதைச் சொல்லுங்கள். குளத்துக்கு ஆய்வகத்தில் மொத்தப் பாஸ்பரஸ் கேட்க வேண்டும். குப்பி உபயோகப்படுவது உள்ளே வரும் வாய்க்காலில். இன்னொன்று: அறிக்கையில் பாஸ்பேட் என்று இருந்தால் 3-ஆல் வகுத்தால்தான் பாஸ்பரஸ் கணக்கு வரும். இது தெரியாமல் பல சண்டைகள் நடந்திருக்கின்றன.

அறிகுறி: கழிவை எல்லாம் நிறுத்திவிட்டோம், மழையும் இல்லை, இருந்தும் கோடையில் பச்சை

சேறு கக்குகிறது. வருடக்கணக்காக வந்த பாஸ்பரஸ் இரும்போடு ஒட்டிச் சேற்றில் தங்கியிருக்கும். அடியில் ஆக்சிஜன் தீர்ந்தால் அந்தப் பிடி தளர்ந்து பாஸ்பரஸ் மேலே வரும். குச்சியால் சேற்றைக் கிளறிப் பாருங்கள். கறுப்பாக, அழுகிய முட்டை வாடை வந்தால் அதுதான்.

இதற்கு மருந்து நம் தாத்தாக்கள் செய்ததுதான்: கோடையில் குளம் வற்றியதும் மேல் வண்டலை வெட்டி வண்டியில் வயலுக்கு அடிப்பது. அந்த மண்ணில் இருக்கும் பாஸ்பரஸ் பயிருக்குப் போகும், காசு கொடுத்து வாங்கும் உரமும் குறையும். தமிழ்நாட்டில் விவசாயிகள் அனுமதி பெற்று ஏரி வண்டலை இலவசமாக எடுக்கலாம். வெட்டிய சேற்றைக் கரைமேல் போட்டுவிட்டுப் போனால், ஆகாயத்தாமரைக்குச் சொன்ன அதே கதைதான். படிகாரமும் பாஸ்பரஸைப் பிடித்து அடியில் உட்காரவைக்கும், ஆனால் அளவு தவறினால் தண்ணீர் அமிலமாகி மீன் செத்துவிடும். தெரிந்தவர் இல்லாமல் குளத்தில் கொட்டாதீர்கள்.

எவ்வளவு நாளாகும் என்று கேட்டால், அமெரிக்காவின் சியாட்டில் நகரத்து வாஷிங்டன் ஏரியைச் சொல்வேன். 1963-இல் தொடங்கி 1968-க்குள் அதில் விழுந்த கழிவுநீரை எல்லாம் வேறு பக்கம் திருப்பினார்கள். அடுத்த சில ஆண்டுகளில் தண்ணீர் தெளிந்துவிட்டது. நம் குளங்களில் ஆழம் குறைவு, சேறு அதிகம், அதனால் பொறுமை இன்னும் கூட வேண்டும்.

அறிகுறி: கடலில் ஒளி, மரத்தூள்

கடல் கணக்கு வேறு. அங்கே பெரும்பாலும் நைட்ரஜன்தான் முதலில் தீரும். இரவில் அலை நீலமாக ஒளிர்ந்தால் அது நாக்டிலூகா என்ற ஒளிரும் நுண்ணுயிராக இருக்கலாம். 2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையில் மக்கள் கூடிப் பார்த்தார்களே, அதுதான். பார்க்க அழகு, ஆனால் கூட்டம் கூட்டமாக மண்டினால் மீனுக்கு ஆக்சிஜன் தட்டுப்படும். கோடைக்கு முன்னும் பின்னும் மரத்தூள் தூவியது போல் மிதப்பது டிரைக்கோடெஸ்மியம் என்ற கடல் நீலப்பச்சை. அது இயற்கையாகவே வரும், காற்றிலிருந்து நைட்ரஜனைத் தானே எடுத்துக்கொள்ளும். கடலைப் பற்றி விவரமாகக் கேட்க நினைப்பவர்கள் பரங்கிப்பேட்டையில் இருக்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்தை அணுகலாம்.

அறிகுறி: எங்கிருந்து வருகிறது என்றே தெரியவில்லை

நடந்து பாருங்கள். எங்கள் குளத்துக்கு நாங்கள் அதைத்தான் செய்தோம். முதல் நல்ல மழைக்கு மறுநாள் நானும் என் தங்கை மகனும் ஆறு பாட்டில்களை எண் ஒட்டி எடுத்துக்கொண்டு, குளத்து வாயிலிருந்து வரத்து வாய்க்காலோடு மேலே நடந்தோம். ஒவ்வொரு கிளை சேரும் இடத்துக்கும் மேலே ஒன்று, கீழே ஒன்று. வீட்டுக்கு வந்து பாஸ்பேட் இருந்தால் நீலமாகும் குப்பி மருந்தை விட்டுப் பார்த்ததில் முதல் நான்கும் நல்ல நீலம் காட்டின. ஐந்தும் ஆறும் கிட்டத்தட்ட நிறமே மாறவில்லை. ஆக, நான்குக்கும் ஐந்துக்கும் நடுவில்தான் ஏதோ இருக்கிறது.

இரண்டுக்கும் நடுவில் ஒரு புளியமரம், அதன் கீழே லாரிச் சக்கரத் தடம். செப்டிக் டேங்க் லாரி இரவில் வந்து கொட்டிவிட்டுப் போகிற இடம் அது. ஒரு மனிதன் ஒரு நாளைக்குக் கழிக்கும் பாஸ்பரஸ் 1 முதல் 2 கிராம். ஒரு வீட்டின் தொட்டியில் பல வருடம் சேர்ந்தது ஒரே இரவில் வாய்க்காலில் இறங்கினால் என்ன ஆகும் என்று கணக்குப் போடத் தேவையில்லை, பாட்டிலின் நீலமே சொன்னது. பாட்டில்களையும் படங்களையும் எடுத்துக்கொண்டு கொம்யூன் பஞ்சாயத்துக்குப் போனோம். மூன்று தடவை போக வேண்டியிருந்தது. இப்போது புளியமரத்தடியில் இரண்டு கல்தூணும் சங்கிலியும் இருக்கின்றன.

அடுத்த பங்குனியிலும் குளம் பச்சையாகத்தான் இருந்தது, ஆனால் மேற்குக் கரையில் படலம் கட்டவில்லை. தட்டு 14 செ.மீ.யிலிருந்து 27-க்குப் போயிருக்கிறது. சேறு இன்னும் கறுப்பாகவே இருக்கிறது. இந்த வருடம் சித்திரையில் வற்றினால் வண்டல் வெட்ட ஐந்து பேர் டிராக்டர் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.